சில மில்லிமீட்டர் ஆழத்தில்

உண்ட உணவால் விரிந்திருக்கும் வேளையில் மனிதனின் இரைப்பைச் சுவர் சில மில்லிமீட்டர் கனமே உடையது. அந்தச் சொற்ப கனத்துக்குள்ளேயே, அமிலத்தைச் சுரக்கும் சளிப்படலம், அதன் அடியில் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் பின்னிக் கிடக்கும் மெல்லிய அடிப்படலம், உணவைப் பிசைந்து தள்ளும் தசை, யாவற்றையும் போர்த்தி நிற்கும் வெளியுறை என்று நான்கு அடுக்குகள் அமைந்திருக்கின்றன. இரைப்பைப் புற்றுநோய் முதல் அடுக்கில் பிறந்து வெளியுறையை நோக்கி நகர்வது. அந்த நகர்ச்சியில் அது எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பதைப் பொறுத்தே, நோயாளி சில தினங்களில் வயிற்றில் ஒரு தழும்புமின்றி வீடு திரும்புவாரா, இரைப்பையை இழந்து பிழைப்பாரா, அல்லது ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்துத் தரும் மருந்துகளோடு நாள் கழிப்பாரா என்பது பெரும்பாலும் நிர்ணயமாகிறது. மருந்தின் வீரியத்தையும் டாக்டரின் கைராசியையும் பற்றி நாம் பேசிக்கொள்வதெல்லாம் இதற்கு அடுத்தபடியாகத்தான்.

ஆனால் நோய் முதலிரண்டு அடுக்குகளில் ஒடுங்கியிருக்கும் காலத்தில், அதாவது அதை வேரோடு களைவது ஏறக்குறைய நிச்சயமாக இருக்கும் காலத்தில், அது பெரும்பாலும் எந்த லட்சணத்தையும் காட்டுவதில்லை. காட்டினாலும், ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் புளியேப்பமாகவும் உப்புசமாகவும் மேல்வயிற்று மந்தமாகவும்தான் காட்டுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வயிற்றைப் பற்றிய முறையீடு எதுவாயினும் அதைக் கேஸ் என்று தீர்த்துவிட்டு, ஓமத் தண்ணீரிலும் பெருங்காயம் போட்ட மோரிலும் சோடாவிலும் தொடங்கி, மருந்துக் கடைக்காரர் சீட்டுக் கேளாமல் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையில் வந்து நிற்பது வழக்கம். ஓமத்தின் மீது எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் கடைசியில் சொன்ன அந்த மாத்திரையைப் பற்றியது. அமிலச் சுரப்பைப் பெருமளவு அடக்கிவிடும் ஆற்றலுடைய இன்றைய மருந்துகள், சாதாரணப் புண்ணை ஆற்றுவதுபோலவே, புற்றின் மேற்பரப்பில் உண்டாகும் புண்ணையும் தற்காலிகமாக ஆற்றிவிடக் கூடியவை. வலி நிற்கிறது, நோயாளி மகிழ்கிறார், அடியிலுள்ள புற்று தன் யாத்திரையைத் தொடர்கிறது. மாத்திரையால் சுகம் கிடைத்தது என்பது வியாதி சாதாரணமானது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இது எங்கோ தூரதேசத்து வியாதி என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 1982 முதல் சென்னைவாசிகளின் புற்றுநோய்களைக் கணக்கெடுத்துவரும், அடையாறு புற்றுநோய் நிலையத்தார் பராமரிக்கும் பதிவேட்டில், ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கிறது. வடஇந்தியாவைக் காட்டிலும் தென்னாட்டில் இது மிகுதி. உலகம் முழுவதிலும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறக்குறைய 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் மாண்டனர்.

எந்தக் குறிகளைக் கண்டால் கைவைத்தியத்தை நிறுத்த வேண்டும்? வழக்கமாக உண்ணும் அளவில் பாதியைத் தாண்டுமுன்பே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றுவது, முயற்சி எதுவுமின்றி உடல் மெலிவது, உண்டது மணிக்கணக்கில் தங்கிப் பின் வாந்தியாவது, விழுங்குகையில் நெஞ்சில் தடைபடுவது, மலம் கறுத்துப் போவது ஆகியவை பாடப்புத்தகங்களில் சொல்லப்படுபவை. பலரும் கவனியாது விடுகிற ஒன்றை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்மக்களுக்கோ, மாதவிடாய் நின்றுபோன பெண்மணிகளுக்கோ இரும்புச் சத்துக் குறைந்து ரத்தசோகை ஏற்பட்டால், இரும்பு மாத்திரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துத் திருப்தி அடைவது போதாது. அந்த ரத்தம் உடம்பின் எந்த மூலையில் கசிந்து போகிறது என்று தேடியாக வேண்டும். 45 வயதைக் கடந்தவருக்கு, முன்னில்லாத வயிற்றுக் கோளாறு புதிதாகத் தோன்றி இரண்டு மூன்று வாரங்களில் அடங்காவிட்டாலும் அப்படியே.

தேடும் வழி எண்டோஸ்கோப்பி. குழாய் விட்டுப் பார்ப்பது என்று ஜனங்கள் அஞ்சிப் பேசும் இந்தச் சோதனை, தொண்டையை மரத்துப்போகச் செய்தபின் சில நிமிஷங்களில் முடிந்துவிடுவது. அதற்குப் பயந்து, வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என ஆறுதல் அடைகிறவர்கள் அநேகம். வயிற்றின் மேல் கருவியைத் தேய்த்து எடுக்கும் அந்த ஸ்கேன் ஈரலையும் பித்தப்பையையும் காட்ட வல்லதே ஒழிய, இரைப்பையின் உட்படலத்தில் விரல்நுனி அளவுக்குச் சிவந்து பள்ளமாகியிருக்கும் இடத்தைக் காட்டும் திறன் உடையதன்று. எண்டோஸ்கோப்பியில் சந்தேகத்துக்குரிய இடம் தென்பட்டால், அதிலிருந்து ஆறு துணுக்குகளேனும் கிள்ளியெடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். ஒரே துணுக்கை நம்பினால் புற்று தப்பிப் போகக்கூடும்.

நோயின் காரணத்தைப் பற்றிய சரித்திரம் ரசமானது. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர் தரிக்காது என்பது வைத்திய உலகத்தின் உறுதியான அபிப்பிராயமாக இருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் திசுக்களைப் பரிசோதிக்கும் ராபின் வாரன் என்பவர், 1979-இல், அழற்சியுற்ற இரைப்பைப் படலத்தின் மேல் வளைந்த உருவமுள்ள கிருமிகளைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்து அக்கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்று மீண்டும் மீண்டும் தோற்றார். ஏனெனில் இரண்டு நாட்களில் ஒன்றும் முளையாத தட்டுகளைக் களைந்துவிடுவதே பரிசோதனைச்சாலையின் நியமம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகள் கூடுதலான நாட்கள் தீண்டுவாரற்றுக் கிடந்தன. விடுமுறை முடிந்து வந்து பார்க்கையில் கிருமி வளர்ந்திருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று வழங்கும் அக்கிருமியே வயிற்று அழற்சிக்கும் புண்ணுக்கும் காரணம் என்ற கூற்றைச் சகாக்கள் ஒப்பாமற் போகவே, 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் குழம்பைத் தாமே குடித்தார். சில தினங்களில் வாந்தி தொடங்கியது. எண்டோஸ்கோப்பி அவருடைய வயிற்றில் கடுமையான அழற்சியைக் காட்டியது. 1994-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலைக்கு இட்ட அதே முதல் வகுப்பில் இக்கிருமியையும் சேர்த்தது. 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இதைப் படித்துவிட்டு இந்த நிமிஷமே கலவரம் அடைய வேண்டியதில்லை. நம் தேசத்தில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இக்கிருமி குடியிருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்று உண்டாகிறது. கொலம்பியாவின் மலைநாட்டு மக்களிடையே பல ஆண்டுகள் ஆராய்ந்த பெலாயோ கொரேயா கண்டறிந்தபடி, முதலில் அழற்சி, பிறகு சுரப்பிகள் நலிந்து போதல், பிறகு இரைப்பைப் படலமே குடற்படலத்தின் சாயலுக்கு மாறுதல், பிறகு ஒழுங்கு கெட்ட செல்கள், கடைசியில் புற்று என்று இது பல பத்தாண்டுகள் நடக்கும் பயணம். வழியில் அதை விரைவுபடுத்துபவை உப்பிலிட்டும் புகையூட்டியும் பாதுகாத்த ஆகாரங்களும், புகையிலையும், மிதமிஞ்சிய மதுவும். இந்தியாவிலேயே இந்நோய் மிக மிகுதியாக உள்ள மிசோரத்தில், புகையூட்டிய இறைச்சி அன்றாட உணவு; புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கும் துய்புர் என்ற திரவத்தை வாயில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கு உண்டு. நம்மவர் மிளகாயின் மீது பழி போடுகிறார்கள். மிளகாயைப் பற்றி ஆராய்ச்சிகள் ஒருமுகமாகச் சொல்லவில்லை. உப்பைப் பற்றிய சாட்சியம் அதைவிடப் பலமானது. கருவாட்டையும் ஊறுகாயையும் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துவதே விவேகம். 1930-களில் அமெரிக்க ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் முதலிடம் வகித்த இந்நோய், எந்த வைத்தியரும் முன்னின்று போர் தொடுக்காமலே அங்கு படிப்படியாக அருகிப் போனது. குளிர்பதனப் பெட்டி வந்து உப்பிட்ட உணவு குறைந்ததும், புதுக் காய்கனிகள் ஆண்டு முழுதும் கிடைத்ததும், சுகாதாரம் ஓங்கிக் கிருமி பரவுவது தளர்ந்ததும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

கிருமியோடு சம்பந்தப்படாத ஒரு கிளையும் உண்டு. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே இந்நோய் வருகிறது. நியூசிலாந்தின் பூர்வகுடியினரான மாவோரி இனத்துக் குடும்பம் ஒன்றில் பலரும் இப்படி மாண்டதன் மர்மத்தை, அக்குடும்பத்தாரே ஆராய்ச்சியாளரைத் தேடிச்சென்று கேட்டதன் பயனாக, பேரி கில்ஃபோர்டும் அவருடைய கூட்டத்தாரும் 1998-இல் துலக்கினார்கள்: செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்பட்ட பிழையே காரணம். இவ்வகைப் புற்று, கட்டியாகத் திரளாமல் செல் செல்லாகப் பிரிந்து சுவருக்குள் பரவி, இரைப்பையைத் தோற்பைபோல் விறைக்கச் செய்துவிடும். மேற்படலம் சில வேளை சாதாரணமாகவே தோன்றுவதால் எண்டோஸ்கோப்பியும் ஏமாறக்கூடும். ஆகவே அந்த மரபணுப் பிழையைச் சுமப்பவர்களில் பலர், நோய் என்று எதுவும் தலைகாட்டும் முன்னரே, நன்றாக ஜீரணிக்கும் தங்கள் இரைப்பையை அகற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். வைத்திய சாஸ்திரம் மனிதனிடம் கேட்கும் தியாகங்களில் இது அபூர்வமானது.

இரைப்பையை அறுத்தெடுப்பது என்ற எண்ணமே ஒரு காலத்தில் மூர்க்கத்தனமாகக் கருதப்பட்டது. 1879-இல் பாரிஸில் பெயான் என்பவர் செய்து பார்த்தார். நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார். அடுத்த ஆண்டு ரிடிகியர் என்ற போலந்துக்காரர் முயன்றார். நோயாளி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. 1881 ஜனவரி 29-ஆம் தேதி வியன்னாவில், சங்கீத மேதை பிராம்ஸின் ஆப்த நண்பரும் தாமே சங்கீத ரசிகருமான தியோடர் பில்ரோத், எட்டுக் குழந்தைகளுக்குத் தாயான 43 வயது மாது ஒருவரின் இரைப்பையின் கடைக்கோடியில் இருந்த புற்றை நீக்கி, எஞ்சிய பகுதியைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். அவருடைய சீடர்கள் நாய்களிடத்தில் பல ஆண்டுகள் இதே ரண சிகிச்சையைச் செய்து பழகியிருந்தார்கள் என்பதை அக்காலத்துப் பத்திரிகை வியப்புகளுக்கிடையே மறந்துவிடலாகாது. துணிச்சலுக்குப் பின்னால் நிதானமான ஆயத்தம் இருந்தது. அந்தப் பெண்மணி பிழைத்தார், உண்டார், வீடு சென்றார். சுமார் நான்கு மாதங்களில் இறந்தும் போனார். தையல் பிரியவில்லை, ரணம் புரையோடவில்லை. கத்தி எட்டாத இடங்களுக்குப் புற்று முன்னமே சென்றிருந்தது. அறுவையின் வெற்றி நோயாளியின் வெற்றி ஆகாமற்போன அந்த இடைவெளியை நிரப்புவதற்கே பின்வந்த 140 ஆண்டுகளின் உழைப்பு செலவாயிற்று எனலாம்.

ஜப்பானியர் அதை ஒரு முனையிலிருந்து நிரப்பினார்கள். இந்நோய் மிகுந்திருந்த அத்தேசத்தில் 1950-இல், விழுங்கத்தக்க சிறு காமிராவை ஒரு குழாயின் முனையில் பொருத்தி இரைப்பைக்குள் படமெடுக்கும் சாதனம் உருவாயிற்று. 1960-களில் எக்ஸ்ரே வண்டிகள் கிராமங்களுக்குச் சென்று, நோயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களைச் சோதித்தன. 1962-இல் அவர்கள், புற்று முதலிரண்டு அடுக்குகளைத் தாண்டாதிருந்தால் அது ஆரம்பப் புற்று என்று வரையறுத்தார்கள். அதன் பலன் பெரிது. சளிப்படலத்தில் மட்டும் நோய் இருக்கையில் நிணநீர் முடிச்சுகளுக்கு அது பரவியிருப்பது நூற்றில் மூன்று நான்கு பேருக்கே. அடிப்படலத்தை எட்டிவிட்டாலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. ஒரு மில்லிமீட்டரும் தேறாத அந்த வித்தியாசம்தான் வயிற்றைத் திறப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. சளிப்படலத்தோடு நின்ற தக்க புற்றுகளை, எண்டோஸ்கோப்பி வழியாகவே அடியில் திரவம் செலுத்தி மேலெழுப்பி, நுண்ணிய கத்தியால் சுற்றிலும் கீறி, ஒரே துண்டாகப் பெயர்த்தெடுக்கும் முறையை 1990-களில் அவர்கள் வகுத்தார்கள். இந்தியாவின் பெரிய நகரங்களிலும் இன்று அது செய்யப்படுகிறது. ஆரம்பப் புற்றில் ஐந்தாண்டுக்குப் பின்னும் வாழ்பவர் நூற்றுக்கு 90-க்கு மேல். 40 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை சர்க்காரே சோதனை நடத்தும் தென்கொரியாவில், எல்லா நிலை நோயாளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நான்கில் மூவர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்பே வந்து சேர்வதால், அந்தக் கணக்கோடு நம்முடையதை ஒப்பிடவே வாய் வரவில்லை. எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி என்பது இங்கு நடைமுறைக்கு ஒவ்வாது. நோயின் விகிதமும் கொரியாவில் உள்ள அளவுக்கு இல்லை. குறிகண்டவர்களையாவது தாமதமின்றி அனுப்புவது சாத்தியமே.

புற்று தசையையும் அதற்கு அப்பாலும் சென்றிருந்தால் அறுவைச் சிகிச்சையே பிரதானம். கீழ்ப்பகுதியில் நோய் இருந்தால் இரைப்பையின் பெரும்பங்கையும், மேற்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் முழுவதையும் எடுக்கிறார்கள். அதனோடு சேர்த்து, இரைப்பைக்கு ரத்தம் தரும் நாளங்களின் நெடுகிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் களைய வேண்டும். பரிசோதிக்கத்தக்க முடிச்சுகள் 16-க்குக் குறையலாகாது என்பது இன்றைய நியதி. முடிச்சுகளை எவ்வளவு தூரம் தொடர்ந்து சென்று எடுப்பது என்பதில் கிழக்குக்கும் மேற்குக்கும் நெடுநாள் வழக்கு நடந்தது. நெதர்லாந்தில் நடந்த பெரிய பரிசோதனையில், விரிவாக எடுத்தவர்களிடையே அறுவையை ஒட்டிய மரணம் 10 சதவீதமும், சுருக்கமாக எடுத்தவர்களிடையே 4 சதவீதமும் ஆக, விரிவாக எடுக்கச் சொன்ன ஜப்பானியர் கட்சி தோற்றதுபோலிருந்தது. 15 ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளைக் கணக்கெடுத்தபோதோ, புற்றால் மாண்டவர் விரிவான முறையில் 37 சதவீதம், சுருக்கமான முறையில் 48 சதவீதம் என்று தெரியவந்தது. மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் அநாவசியமாக எடுக்காமல், பழகிய கைகள் செய்தால், விரிவான முறையே மேல் என்று இப்போது இரு தரப்பும் ஒப்புகின்றன. நோயாளி இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, இவ்வறுவையை ஆண்டில் எப்போதோ ஒன்றிரண்டு செய்யும் இடத்தை விட, அடிக்கடி செய்யும் ஆஸ்பத்திரியை நாடுவது நலம் என்பதே.

இரைப்பையே இல்லாமல் மனிதன் ஜீவிப்பது எப்படி என்று கேட்காத குடும்பம் இல்லை. 1897-இல் ஜூரிச்சில் ஷ்லாட்டர் முழு இரைப்பையை நீக்கிய மாது ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். இன்று பல்லாண்டுகள் உத்தியோகம் பார்த்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். உணவுக் குழாயை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். சேமித்து வைக்கும் பை இல்லாததால், மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பிரித்து, மென்று, சிறிது சிறிதாக உண்ண வேண்டும்; தண்ணீரைச் சாப்பாட்டோடு குடியாமல் இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும்; பாயசத்தையும் இனிப்புகளையும் மிகக் குறைக்க வேண்டும், இல்லையேல் அவை ஒரேயடியாகக் குடலில் இறங்கி வியர்வையும் படபடப்பும் மயக்கமும் உண்டாக்கும். பி-12 என்னும் வைட்டமினைக் கிரகிக்க உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. அது போய்விட்டால் ஆயுள் முழுதும் ஊசியாக அந்த வைட்டமினைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் இது மறந்துபோய், பின்னர் கால் மரத்துப்போன பிறகு நினைவுக்கு வருவதுண்டு. இலை நிறையப் பரிமாறுவதே அன்பு என்று நம்பும் நம் சமூகத்தில், கல்யாணப் பந்தியில் நான்கு கவளத்தோடு எழுந்துவிடும் இவர்களை வற்புறுத்தாதிருப்பதும் சிகிச்சையில் ஓர் அம்சம்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கத்தி அதைப் பரப்புவதில்லை. பில்ரோத்தின் நோயாளிக்கு நேர்ந்ததுபோல, கண்ணுக்குத் தெரியாமல் முன்னரே பரவியிருந்தது பிறகு வெளிப்படுகிறது. அதற்குப் பரிகாரமாகவே கீமோதெரபியை அறுவைக்கு முன்பும் பின்பும் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. பிரிட்டனில் நடந்து 2006-இல் வெளிவந்த பரிசோதனையில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர் 23 சதவீதம், இருபுறமும் மருந்து பெற்றவர்களில் 36 சதவீதம். 2019-இல் ஜெர்மானியர் வெளியிட்ட நான்கு மருந்துச் சேர்க்கை, ஃப்ளாட் என்று வழங்குவது, அதையும் விஞ்சியது: பாதி நோயாளிகள் உயிரோடிருந்த காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக உயர்ந்தது. இரண்டு வாரத்துக்கொரு முறையாக அறுவைக்கு முன் நான்கு, பின் நான்கு. கட்டி இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு மாதம் எடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று உறவினர் பதறுவது இயல்பு. அறுவைக்குப் பின் உடல் தளர்ந்து பலர் மருந்தை முடிக்க இயலாமற் போவதால், முன்னே கொடுப்பதே அதிக லாபம் தருகிறது. 2025-இல் இதனோடு நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசியைச் சேர்த்துக் கொடுத்து மேலும் நற்பலன் கண்டிருக்கிறார்கள். கரன்ட் வைப்பது என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சுக்கு இந்நோயில் சிறு பங்கே உண்டு. ரத்தக் கசிவை நிறுத்தவும் வலியைக் குறைக்கவும் அது கைகொடுக்கும்.

புற்று வெளியுறையையும் கிழித்துக்கொண்டு வயிற்றறைக்குள் விதைத்துவிட்டால் முழுக்குணம் அரிதாகிவிடுகிறது. அந்த விதைகள் சி.டி. ஸ்கேனுக்கும் தப்பிவிடும் என்பதால், பெரிய அறுவைக்கு முன்னர் லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே ஒரு முறை பார்த்துவிடுவது வீண் அறுவையைத் தவிர்க்கும். இந்நிலையிலும் மருந்துகள் உண்டு. எது யாருக்கு என்பதைப் பயாப்சித் துணுக்கில் செய்யும் பரிசோதனைகளே சொல்லும். ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு டிராஸ்டுசுமாப் சேர்ப்பதால் பயனுண்டு என்பது 2010-இல் நிரூபணமாயிற்று. சராசரி ஆயுள் 11 மாதத்திலிருந்து ஏறக்குறைய 14 மாதமாயிற்று. அம்மருந்தின் நிகரை இந்தியக் கம்பெனிகளே செய்வதால் விலையும் இறங்கியிருக்கிறது. மரபுப் பிழைகளைத் திருத்தும் பொறி பழுதான சிறுபான்மையினருக்கு நோயெதிர்ப்பு மருந்துகள் சில வேளை அதிசயிக்கத்தக்க பலன் தருகின்றன. மற்றவர்களுக்கு அவற்றின் லாபம் மாதக் கணக்கில்தான், செலவோ லட்சக் கணக்கில். வீட்டை விற்றேனும் வாங்கிப் போடுகிறோம் என்று கிளம்பும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை ஒளிக்காமல் சொல்லும் டாக்டரே நல்ல டாக்டர் என்பது என் அபிப்பிராயம். அடைப்பைத் திறக்கும் ஸ்டென்ட், குடலில் நேரே உணவு செலுத்தும் குழாய், தயங்காமல் கொடுக்கும் மார்ஃபின் ஆகியவையும் சிகிச்சைதான்.

நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருக்கும் மகனையும் தங்கையையும் பற்றி இங்கு யாரும் பேசுவதில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் குழந்தைப் பருவத்திலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் பைலோரிக் கிருமியைப் பெறுகிறார்கள். நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் கிருமி உள்ளவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துக் கொரியாவில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள்: மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்று வந்தது. கிருமி இருக்கிறதா என்று அறிய ஒரு குப்பியில் மூச்சை ஊதினாலோ, மலத்தைப் பரிசோதித்தாலோ போதும்; இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை. மாத்திரையை முடித்து ஒரு மாதம் கழிந்த பின் மறுபடியும் பரிசோதித்து, கிருமி போய்விட்டதை ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும்; எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் நம் நாட்டில் மிகுதியாகையால், முதல் தடவையிலேயே எல்லோருக்கும் போய்விடுவதில்லை.